பழைய படவீழ்த்திக்குப் புதிய விளக்கு: ஒளிக்கணக்கும் செலவுக்கணக்கும்

ஹைதராபாத் நகரின் கிழக்குப் பகுதியில், தார்நாகாவிலிருந்து உப்பலுக்குச் செல்லும் சாலையில் ஹப்சிகுடா அமைந்துள்ளது. தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இச்சாலையிலேயே உள்ளன. இப்பெரிய நிறுவனங்களுக்கு அருகே சிறிய பயிற்சிக் கூடங்களும் பல உண்டு. அவற்றுள் ஒன்றில் களப் பணியாளர்களுக்குப் புள்ளிவிவர வகுப்பு எடுக்கச் சென்றபோது கிடைத்த அனுபவமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

வகுப்பில் 40 பேர் இருந்தனர். கிராமங்களிலிருந்து அவர்கள் சேகரித்து அனுப்பும் படிவங்கள் எவ்வாறு அட்டவணையாகின்றன, அட்டவணை எவ்வாறு வரைபடமாகிறது என்பதை விளக்குவது என் பணி. அலுவலகங்களில் புரொஜெக்டர் என்று வழங்கும் படவீழ்த்தி மேசைமீது இருந்தது, ஆனால் எரியவில்லை. அதன் விளக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே ஆயுள் முடிந்துவிட்டதாம். வேறு வழியின்றி மடிக்கணினியைச் சுற்றி ஐந்தைந்து பேராக நிற்க வைத்துக் காட்ட வேண்டியதாயிற்று. பின்னால் நின்றவர்களுக்கு எண்கள் தெரியவில்லை. மாவட்டத்திலிருந்து பேருந்து ஏறி வந்தவர்கள், பாதிப் பாடத்துடன் திரும்பிச் சென்றனர்.

பண்டக அறையில் இன்னொரு படவீழ்த்தியும் இருந்தது; அது இதைவிடப் பழையது. இரண்டுக்கும் உரிய விளக்குகள் எளிதில் கிடைப்பதில்லை என்றும், கிடைத்தாலும் அவற்றின் விலையைக் கேட்டால் புதிய இயந்திரமே வாங்கிவிடலாம் என்று தோன்றும் என்றும் பண்டகப் பொறுப்பாளர் கூறினார். கூடத்தின் மின்பணியாளர் எளிய யோசனை ஒன்றைச் சொன்னார். கோட்டி கடைவீதியின் குஜராத்தி கல்லியில் 100 வாட் எல்.இ.டி. சில்லு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைப் பழைய விளக்கின் இடத்தில் பொருத்திவிட்டால் போதும் என்பதே அது.

இந்த யோசனை அவருக்கு மட்டும் உரியதன்று. மக்களிடையே இது பரவலாக வேரூன்றியிருப்பதற்குத் தக்க காரணமும் உண்டு. 2015ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் தொடங்கப்பட்ட உஜாலா திட்டத்தின்கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டன. 2014இல் ஏறத்தாழ 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்தது. தெருவிளக்கிலும் இதே மாற்றம் நடந்தது. எனவே பழைய விளக்கைக் கழற்றி எல்.இ.டி.யைப் பொருத்தினால் எங்கும் ஆதாயமே என்ற நம்பிக்கை நிலைபெற்றுவிட்டது. படவீழ்த்தியில் இந்த நம்பிக்கை பலிப்பதில்லை. ஏன் என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நலம். கோப்பில் குறிப்பெழுதும் அலுவலர்களுக்கும் அது பயன்படும்.

அளவு வேறு, செறிவு வேறு

அறைக்கு வெளிச்சம் தரும் விளக்கிடம் நாம் கேட்பது மொத்த ஒளியின் அளவை மட்டுமே. அந்த அளவை லூமென் என்னும் அலகால் குறிக்கிறோம். ஒளி எந்தத் திசையில் சென்றாலும் சுவரிலோ கூரையிலோ பட்டு அறைக்குள்ளேயே இருக்கும், வீணாவதில்லை. படவீழ்த்தியின் நிலை வேறு. அதன் உள்ளே நகத்தளவே உள்ள படச்சில்லு ஒன்று இருக்கிறது. விளக்கின் ஒளி முழுவதும் அச்சில்லின்மீது விழ வேண்டும். அதுவும் ஒரு குறுகிய கோணத்துக்குள் விழ வேண்டும். அக்கோணத்துக்கு வெளியே வரும் கதிர்கள் வில்லைக்குள் புகாமல் பெட்டியின் உட்சுவரில் மோதி வெப்பமாகிவிடும்.

ஒளிமூலத்தின் பரப்பையும், அதிலிருந்து ஒளி விரியும் கோணத்தையும் சேர்த்துப் பெருக்கி வரும் அளவுக்கு ஒளியியலார் 'எத்தாந்து' என்ற பிரெஞ்சுப் பெயரை வழங்குகின்றனர். எத்தனை வில்லைகளை வைத்தாலும், எத்தகைய ஆடிகளை வைத்தாலும், ஒளியை இழக்காமல் இந்த அளவைக் குறைக்க இயலாது. பரப்பைச் சுருக்கினால் கோணம் விரியும். கோணத்தைச் சுருக்கினால் பரப்பு விரியும். அகன்ற அண்டாவின் நீரைக் குறுகிய வாய்க் குடத்தில் ஊற்றுவதற்குப் புனல் உண்டு. ஒளிக்கு அத்தகைய புனல் இயற்கையிலேயே இல்லை.

இக்காரணத்தால்தான் படம் காட்டும் தொழில் தொடக்கத்திலிருந்தே மிகச் சிறிய, மிகப் பிரகாசமான ஒளிமூலத்தைத் தேடி வந்துள்ளது. திரையரங்குகளில் முதலில் கரிமுனை வில் விளக்கும் பின்னர் செனான் விளக்கும் பயன்பட்டன. அலுவலகப் படவீழ்த்திகளுக்கென 1995இல் பிலிப்ஸ் நிறுவனம் உயரழுத்தப் பாதரச விளக்கு ஒன்றைக் கொணர்ந்தது. யு.எச்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இவ்விளக்கின் உள்ளே ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் பாதரச ஆவி நிறைந்திருக்கும். மின்முனைகளுக்கு இடையேயுள்ள இடைவெளி சுமார் 1.3 மில்லிமீட்டர் மட்டுமே. 200 வாட் விளக்கு ஒன்று ஏறத்தாழ 12,000 லூமென் ஒளியை இந்தச் சிறு புள்ளியிலிருந்தே வெளியிடுகிறது.

இதற்கு எதிராக, கடைவீதியில் கிடைக்கும் 100 வாட் எல்.இ.டி. சில்லைப் பார்ப்போம். அது உண்மையில் ஒரே சில்லு அன்று. பத்து வரிசைகளில் 100 நுண்சில்லுகளை ஒரே தகட்டில் அடுக்கியது. ஒளிர்பரப்பு ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. அதாவது 400 சதுர மில்லிமீட்டர். மொத்த ஒளி 10,000 லூமென் என்று கொண்டாலும் ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் கிடைப்பது 25 லூமென் மட்டுமே.

ஓர் எளிய பெருக்கல்

பயிற்சிக் கூடத்தின் முதல் படவீழ்த்தி, 1987இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்த நுண்ணாடிச் சில்லைக் கொண்ட வகை. அதன் மூலைவிட்டம் 0.55 அங்குலம், பரப்பு ஏறத்தாழ 94 சதுர மில்லிமீட்டர். அச்சில்லின் நுண்ணாடிகள் 12 பாகை சாய்பவை. ஆகவே ஒளிக்கூம்பின் அரைக்கோணமும் 12 பாகையைத் தாண்டலாகாது. எல்.இ.டி. தன் முன்புறத்தில் எல்லாத் திசைகளிலும் ஒளியை வீசுவது. இந்நிலையில் பயன்படக்கூடிய எல்.இ.டி. பரப்பைக் காண, படச்சில்லின் பரப்பை அரைக்கோணத்தின் சைன் மதிப்பின் வர்க்கத்தால் பெருக்கினால் போதும். 12 பாகைக்கு அந்த வர்க்கம் 0.043. ஆகவே 94 பெருக்கல் 0.043, விடை ஏறத்தாழ 4 சதுர மில்லிமீட்டர்.

400 சதுர மில்லிமீட்டர் ஒளிர்பரப்பில் 4 மட்டுமே பயன்படும் என்பது இதன் பொருள். நூற்றுக்கு ஒரு பங்கு! 10,000 லூமெனில் 100 லூமென் மட்டுமே உள்ளே செல்கிறது. இந்த வகைப் படவீழ்த்தியில் வண்ணச் சக்கரம் ஒன்று சுழன்று, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வடிகட்டித் தருவதால் வெள்ளை ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு அங்கே போய்விடும். வில்லைகளிலும் ஆடிகளிலும் ஏற்படும் இழப்பையும் கழித்தால், திரையை அடைவது 15 லூமென் அளவில் நிற்கும். நான்கைந்து மெழுகுவத்திகளை ஏற்றி அவற்றின் பின்னே திரையைத் தொங்கவிட்டாலும் இதைவிட நன்றாகத் தெரியும் என்று மின்பணியாளரே பிறகு கூறினார்.

அவர் சில்லை வாங்கிப் பொருத்தியே பார்த்துவிட்டார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். பகல் வெளிச்சத்தில் திரையில் படம் இருந்ததற்கான அடையாளமே இல்லை. இரவில் விளக்குகளை அணைத்தபின் எழுத்துகள் மங்கலாகத் தென்பட்டன. பெட்டியோ கையை வைக்க முடியாதபடி கொதித்தது. வெளியேறாத 99 பங்கு ஒளியும் உள்ளேயே வெப்பமாயிற்று அல்லவா.

ஆயினும் எல்.இ.டி. அறவே உதவாது என்று முடிவு செய்வதும் தவறாகும். வாட் கணக்கைப் பாராமல் செறிவைப் பார்த்து வாங்க வேண்டும். 2 மில்லிமீட்டர் பக்க அளவுடைய ஒற்றைச் சில்லு எல்.இ.டி.கள் உள்ளன. கைவிளக்குகளில் இவை பயன்படுகின்றன. இவற்றில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 300 லூமென் வரை பெறலாம். 4 சதுர மில்லிமீட்டருக்கு 1,200 லூமென். இழப்புகள் போகத் திரையில் 150 முதல் 170 லூமென். பெரிய எல்.இ.டி. உட்கொள்ளும் மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கைக்கொண்டே இது பத்து மடங்கு ஒளியைத் திரைக்குத் தருகிறது. பல்புத் திட்டத்தில் பழகிய கண்ணுக்கு இது விந்தையாகத் தோன்றலாம்.

இன்னொரு விந்தையும் உண்டு. பண்டக அறையில் கிடந்த அதிகப் பழைய இயந்திரம் மூன்று திரவப்படிகச் சில்லுகளைக் கொண்டது. ஒவ்வொன்றின் மூலைவிட்டமும் 0.9 அங்குலம், பரப்பு 250 சதுர மில்லிமீட்டர். அது ஏற்கும் அரைக்கோணமும் சற்று அகன்றது; 14.5 பாகை. அதே பெருக்கலைச் செய்தால் விடை 16 சதுர மில்லிமீட்டர். நான்கு மடங்கு! மேலும் இவ்வகையில் மூன்று நிறங்களும் ஒரே சமயத்தில் பிரிந்து செல்வதால் வண்ணச் சக்கரத்தின் இழப்பு இல்லை. ஒளிமுனைவாக்கத்தில் ஒரு பகுதி இழக்கப்படும் என்பது உண்மையே. எல்லாம் கழித்து 400 முதல் 450 லூமென் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். இயந்திரம் எவ்வளவு பழையதோ, படச்சில்லு அவ்வளவு பெரியது, எல்.இ.டி.க்கு அவ்வளவு ஏற்றது. கழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் முதலிடத்தில் இருந்த இயந்திரமே மீட்கத்தக்கது என்று இவ்வாறு தெரியவந்தது.

உற்பத்தியாளர்களும் இந்த எல்லையை அறிந்தவர்களே. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது, வெள்ளை எல்.இ.டி. பிறந்தது அந்தக் கண்டுபிடிப்பால்தான். ஆனால் பச்சை எல்.இ.டி.யின் செறிவு படவீழ்த்திக்குப் போதவில்லை. எனவே 2010இல் கேசியோ நிறுவனம் பாதரசமற்ற படவீழ்த்தியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, சிவப்புக்கு எல்.இ.டி.யையும், நீலத்துக்கு லேசரையும், பச்சைக்கு அந்நீல லேசரால் ஒளிரச் செய்யப்பட்ட பாஸ்பரையும் பயன்படுத்தியது.

பெட்டியைத் திறக்கும் முன்

இவ்வேலையை மாணவர்கள் செய்முறைப் பயிற்சியாக மேற்கொள்ளக்கூடும் என்பதால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பழைய விளக்கைத் தூண்டும் பாலாஸ்ட் என்னும் பலகை, தொடக்கத்தில் பல ஆயிரம் வோல்ட் துடிப்பை வெளியிடுவது. அதன் மின்தேக்கிகளில் இணைப்பைத் துண்டித்த பின்னரும் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கும். விளக்கு சூடாக உள்ளபோது கழற்றினால் வெடிக்கக்கூடும். வெடித்தால் கண்ணாடித் துண்டுகளோடு பாதரச ஆவியும் அறையில் பரவும். இவற்றைப் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையின்றிச் செய்யலாகாது.

பாலாஸ்ட்டை நீக்கியவுடன் பெரும்பாலான படவீழ்த்திகள் இயங்க மறுக்கும். விளக்கு எரிகிறது என்ற செய்தியைப் பாலாஸ்ட் தாய்ப்பலகைக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தி வராவிடில் தாய்ப்பலகை சில நொடிகளில் இயந்திரத்தை நிறுத்திவிடும். ஆகவே அந்தச் செய்தியை வேறு சிறு சுற்றின் வழியாக அனுப்ப வேண்டியுள்ளது. ஆனால் வெப்ப உணரிகளையும் காற்றாடி உணரிகளையும் இதே முறையில் ஏமாற்றக் கூடாது. எல்.இ.டி.யின் வெப்பம் பழைய விளக்கினதைப் போல் கதிராக வெளியேறுவதில்லை. சில்லின் அடிப்பகுதி வழியாகவே கடத்தப்பட வேண்டும். செம்பாலான அடித்தகடு, நல்ல ஹீட் சிங்க், அதன்மீது இடைவிடாது வீசும் காற்று ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் பல்லாயிரம் மணி நேர ஆயுள் என்பது காகிதத்தோடு நின்றுவிடும்.

செலவுக்கணக்கு

இனிப் பொருளியலுக்கு வருவோம். கீழ்க்காணும் விலைகள் எடுத்துக்காட்டுக்காக நாம் கொள்பவை. ஒவ்வோர் அலுவலகமும் தன் விலைகளை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

விளக்கின் விலை 9,000 ரூபாய், ஆயுள் 3,000 மணி என்றால், மணிக்கு 3 ரூபாய். இயந்திரம் உட்கொள்ளும் 280 வாட்டுக்கு, யூனிட் 8 ரூபாய் வீதம், மணிக்கு 2 ரூபாய் 24 காசு. ஆக 5 ரூபாய் 24 காசு. எல்.இ.டி. பொருத்திய பழைய இயந்திரமோ 100 வாட்டில் இயங்கும்; மின்செலவு 80 காசு. மாற்றுவதற்கான செலவு 6,000 ரூபாய் எனவும், ஆண்டுக்கு 500 மணி வீதம் ஐந்தாண்டு உழைக்கும் எனவும் கொண்டால் மணிக்கு 2 ரூபாய் 40 காசு. ஆக 3 ரூபாய் 20 காசு. மணிக்கு 2 ரூபாய் மிச்சம் என்று பலர் இங்கேயே கணக்கை முடித்துவிடுவர்.

ஒளியையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? யு.எச்.பி. விளக்கின் ஒளி நாளடைவில் பாதியாகத் தேயும். 2,500 லூமென் இயந்திரம் சராசரியாக 1,900 தந்தது என்று கொண்டால், 1,000 லூமெனுக்கு மணிக்கு 2 ரூபாய் 76 காசு ஆகிறது. 450 லூமென் தரும் எல்.இ.டி. இயந்திரத்தில் அதே ஒளிக்கு 7 ரூபாய் 11 காசு ஆகிறது. ஒளியின் விலை குறையவில்லை. இரண்டரை மடங்கு கூடியிருக்கிறது. மின்சாரச் சேமிப்பு என்ற பெயரில் இம்மாற்றத்துக்கு ஒப்புதல் கேட்கும் குறிப்பு வந்தால் நான் அதைத் திருப்பி அனுப்புவேன். 500 மணிக்கு மின்சாரத்தில் மிஞ்சுவது 90 யூனிட்; 720 ரூபாய். அதற்காக எவரும் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பயன் எங்கே? பயிற்சி பெறுபவருக்கு வேண்டியது லூமென் அன்று, படிக்கத்தக்க படம். படத்தின் பரப்பு 1.5 சதுர மீட்டராக இருந்தால் 450 லூமென் 300 லக்ஸ் பொலிவைத் தரும். தேய்ந்த நிலையில் 1,250 லூமென் தரும் பழைய விளக்கு, 4.3 சதுர மீட்டர்ப் பெருந்திரையில் தருவதும் ஏறத்தாழ இதே பொலிவுதான். சிறு திரைக்குச் சிறு கூட்டம் போதும். ஆனால் அறை இருண்டிருக்க வேண்டும். விளக்குகள் எரியும் வகுப்பறையில் திரையின்மீது விழும் புறவொளியே 200, 300 லக்ஸ் ஆகிவிடுகிறது. கருமை என்று திரையில் காட்ட நினைப்பதெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். 2,000 ரூபாய் மதிப்புள்ள தடித்த திரைச்சீலை, இவ்விடத்தில் எந்த எல்.இ.டி.யும் தர இயலாத தெளிவைத் தருகிறது. கொள்முதல் பட்டியல்களில் லூமெனுக்கு உண்டான வரி இருக்கிறது. ஜன்னலுக்கு வரி இருப்பதை நான் கண்டதில்லை.

பயன்பாட்டை நீட்டிப்பதால் வரும் நன்மை இன்னொன்று. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை உறுதி செய்தது. பொது விளக்குகளுக்கான உயரழுத்தப் பாதரச விளக்குகளுக்கு அது 2020ஐ எல்லையாக வகுத்தது. படவீழ்த்தி விளக்கு அவ்வகையில் சேராததால் சட்டத்தின் கை அதனை நேரே தொடவில்லை. ஆயினும் உள்ளே உள்ளது அதே பாதரசம்தான். மின்னணுக் கழிவு விதிகள் 2022, முன்னர் 21ஆக இருந்த பொருள்வகைகளை 106ஆக விரித்தன. பழுதுபார்த்துப் புதுப்பிப்போரையும் பதிவுமுறைக்குள் கொணர்ந்து, புதுப்பித்த பொருளின் மறுசுழற்சிப் பொறுப்பு தள்ளிப்போவதற்கும் வழி செய்தன. ஹப்சிகுடாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத செர்லப்பள்ளியில், மின்னணுவியல் தொழில்நுட்பப் பொருள்கள் மையமான சி-மெட், கழிவான மின்சுற்றுப் பலகைகளிலிருந்து உலோகங்களை மீட்கும் முறைகளை உருவாக்கி வருகிறது. உலோகத்தை அவ்வாறு மீட்கலாம். நன்றாக உள்ள வில்லைத் தொகுதியும் படச்சில்லும் உலோகமாக உருக்கப்படும்போது அவற்றில் அடங்கிய உழைப்பு மீள்வதில்லை.

கூடத்தில் நடந்தது

மின்பணியாளரும் அருகிலுள்ள தொழிற்பயிற்சி மாணவர் இருவரும் ஹப்சிகுடாவில் மெட்ரோ ரயில் ஏறி, பாரடைஸ் நிலையத்தில் இறங்கி, செகந்தராபாத் பார்க் லேனின் கணினிக் கடைகளில் பழைய கணினியின் செம்பு ஹீட் சிங்க்கும் காற்றாடியும் தேடி வாங்கி வந்தனர். திரவப்படிக இயந்திரத்தில் நான்கு ஒற்றைச் சில்லுகளை நெருக்கி வைத்துப் பொருத்தினர். முதல் முயற்சியில் படத்தின் ஒரு மூலை இருண்டிருந்தது; வில்லையை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தியதும் சரியாயிற்று. நூலக அறையின் ஜன்னல்களுக்குத் தடித்த திரைச்சீலை தைக்கப்பட்டது. 40 பேரும் மூன்று பிரிவுகளாக அங்கே அமர்ந்து அடுத்த வகுப்பைக் கேட்டனர். ஒரே பாடத்தை மூன்று முறை நடத்த வேண்டியிருந்தது என்பதையும் செலவில் சேர்க்க வேண்டும். ஆசிரியரின் நேரத்துக்கு மேற்கண்ட கணக்கில் இடமில்லை. ஆனால் சிறு பிரிவுகளில் கேள்விகள் அதிகமாக வந்தன. ஒரு பெண் களப்பணியாளர், தன் மண்டலத்தின் பட்டை வரைபடத்தில் ஓர் எண் தவறாக ஏறியிருப்பதைத் திரையருகே வந்து சுட்டிக்காட்டினார்.

பெரிய கூடத்துக்குப் புதிய படவீழ்த்தி வாங்கப் பரிந்துரை சென்றது. அதற்கு மாற்று இல்லை.

நுண்ணாடிப் படவீழ்த்தியைக் கழிப்பதில் மட்டும் சிறு இழுபறி ஏற்பட்டது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 217ஆம் விதிப்படி, ஒரு பொருளைப் பயனற்றதென அறிவிக்கும்போது அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். முதலில் எழுதப்பட்ட காரணம், 'விளக்கு கிடைக்கவில்லை' என்பது. விளக்கு கிடைக்காமை இயந்திரத்தின் பயனின்மை ஆகாது என்று தணிக்கைப் பிரிவு கேட்டது, கேள்வி நியாயமானதே. படச்சில்லின் பரப்பு, கோணம், பெருக்கற்பலன் ஆகியவற்றை அரைப்பக்கத்தில் எழுதி இணைத்த பிறகு கோப்பு நகர்ந்தது. பழைய விளக்கு தனி உறையில் இடப்பட்டு, பாதரசம் உள்ளது என்ற குறிப்புடன் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. வில்லைத் தொகுதியைக் கழற்றி வைத்துக்கொள்ள மாணவர்கள் அனுமதி கேட்டுள்ளனர். அந்தக் கோப்பு இன்னும் மேசையில் இருக்கிறது.